வெள்ளைக்குப் பென்சில் வேண்டாம்

செம்பருந்தை வரையலாமா? தலையும் மார்பும் வெள்ளை, மற்ற உடல் முழுக்கச் செம்பழுப்பு, இறக்கையின் நுனி மட்டும் கறுப்பு. மூன்றே நிறங்கள். 12 கலர் பென்சில் உள்ள சின்னப் பெட்டி போதும். கிருஷ்ணப் பருந்து, கருடன் என்றெல்லாம் இதற்குப் பெயர் உண்டு. வானத்தில் இது வட்டமிடுவதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மீன்பிடித் துறைமுகம், ஏரி, குளம், தண்ணீர் கட்டிய நெல்வயல் என்று ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்துச் சுற்றும். மீன், நண்டு, தவளை எல்லாம் தின்னும். மீனவர்கள் கழித்துப் போடும் மீன் குடலையும் விடாது.

அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய அரை மீட்டர் நீளம்தான். ஆனால் இறக்கையை விரித்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். இவ்வளவு பெரிதாகத் தெரியும் பறவையின் எடை ஏறக்குறைய அரைக் கிலோதான். வரையத் தொடங்கும்போதே இதை நினைவில் வையுங்கள். பருந்தைக் கனமான உருண்டையாக வரைந்துவிட்டால் அது பறக்காது.

முதலில் வெளிக்கோடு. சாதாரணப் பென்சிலைத் தாளின்மேல் தடவினால் போதும், அழுத்த வேண்டாம். அழுத்திய கோட்டை ரப்பரால் அழித்தாலும் தாளில் அதன் பள்ளம் அப்படியே இருக்கும். பின்னால் கலர் பென்சிலை ஓட்டும்போது அந்தப் பள்ளத்தில் நிறம் இறங்காது. வெள்ளைக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். இந்தப் பள்ளத்தை நாமே வேண்டுமென்று பயன்படுத்தப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. அது கடைசியில் வரும்.

இப்போது கண். பருந்தின் முகத்தில் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? தனித் தாள் ஒன்றில் வட்டமாகத் தலை போடுங்கள், வளைந்த அலகு போடுங்கள், நடுவில் வட்டக் கண் ஒன்று வையுங்கள். புறா முழிப்பதைப்போல அப்பாவியாக இருக்கும். அடுத்து, கண்ணின் மேல்விளிம்பைக் கொஞ்சம் மறைத்தபடி, அலகை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு கோட்டைப் போடுங்கள். அவ்வளவுதான், உங்களை முறைக்கத் தொடங்கிவிடும்.

பறவைக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அந்தக் கோடு புருவமும் இல்லை. கண்ணுக்கு மேலே மண்டையோட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் எலும்பு மேடு அது. மேலே தோலும் இறகும் மூடியிருக்கும். வெயிலில் ஆடும் கிரிக்கெட் வீரரின் தொப்பி முனைபோல, மேலிருந்து வரும் கூசும் ஒளியை அது மறைக்கிறது. துள்ளும் இரையும் மரக்கிளையும் கண்ணில் படாமலும் காக்கிறது என்று பறவையியலாளர்கள் கருதுகிறார்கள்.

எல்லா இரைகொல்லிப் பறவைகளுக்கும் இந்த மேடு ஒரே அளவில் இருப்பதில்லை. தண்ணீருக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும் விராலடிப்பானுக்கு இது அவ்வளவு துருத்தாது. அதனால் அதன் முகம் முறைப்பதுபோல் இருக்காது, சற்றுத் திகைத்ததுபோல் இருக்கும். குளவிக் கூட்டையும் தேனடையையும் பிய்த்துப் புழுக்களைத் தின்னும் தேன் பருந்தின் தலையும் புறாத் தலையைப்போலச் சாதுவாகவே தெரியும். அதற்குக் கொட்டிலிருந்து காப்பு வேறு விதம். கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் செதில் போன்ற சிறிய, கெட்டியான இறகுகள் நெருக்கமாக அமைந்திருக்கும். கண்ணுக்கு மேலே நீங்கள் போடும் ஒரு கோட்டின் சாய்வு, எந்தப் பறவை என்பதையே மாற்றிவிடும்.

எலும்பு மேடு இருந்தால் அதற்கு நிழலும் இருக்கும். ஆகவே கண்ணின் மேல்பாதியை அடர்த்தியாகவும் கீழ்ப்பாதியை இளசாகவும் தீட்டுங்கள். பலர் கண் முழுவதையும் ஒரே நிறத்தில் நிரப்பிவிடுவார்கள், அதனால்தான் அது ஒட்டவைத்த பொட்டுபோல நிற்கும். செம்பருந்தின் விழி அடர்பழுப்பு. நடுவில் கரும்பாவை. கறுப்பை முதலில் எடுக்க வேண்டாம். அடர்நீலத்தை மெல்லிசாகப் போட்டு, அதன்மேல் பழுப்பு, கடைசியாகக் கறுப்பு. ஆழம் தெரியும். வானம் பிரதிபலிக்கும் சின்ன ஒளிப்புள்ளியின் இடத்தை ஆரம்பத்திலேயே குறித்துக்கொண்டு, அங்கே எந்தப் பென்சிலும் படாமல் காப்பாற்றுங்கள்.

கண்ணைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். நாம் தலையை ஆட்டாமலே விழியை இடமும் வலமும் உருட்டுகிறோம். பருந்தால் அந்த அளவுக்கு முடியாது. தலையின் அளவுக்கு அதன் கண் மிகப் பெரியது. எலும்பு வளையம் ஒன்று அதைச் சுற்றி உறுதியாக்குகிறது; கண் தன் குழிக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது. அதனால் பார்வையைத் திருப்பப் பெரும்பாலும் தலையையே திருப்ப வேண்டும். நம் விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்றுதான் உண்டு. பருந்து, கழுகு, ராஜாளி போன்றவற்றின் ஒவ்வொரு கண்ணிலும் அப்படி இரண்டு குழிகள். ஒன்று முன்னால் இருப்பதைப் பார்க்க, மற்றொன்று பக்கவாட்டில் தொலைவில் இருப்பதைப் பார்க்க. மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் பருந்து உங்களுக்குப் பக்கவாட்டு முகத்தைக் காட்டினால், அது வேறெங்கோ பார்க்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒற்றைக் கண்ணால் உங்களைத்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும். படத்துக்குப் பக்கவாட்டு முகத்தை நான் விரும்புவது அதனால்தான்.

அலகு சுலபம். சாம்பல் நிறம், நுனியை நோக்கிக் கூர்ந்து கீழே வளையும். நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதன் மேலுறையும். தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். அலகின் அடியில், மூக்குத் துளை இருக்கும் இடத்தில், மஞ்சள் நிறத்தில் மென்மையான தோல் தெரியும். அந்த மஞ்சளைப் பறவையின் உடல் தானாகத் தயாரிப்பதில்லை. கரோட்டினாய்டு என்ற நிறமிகளைத் தாவரங்களும் பாசிகளும் உண்டாக்குகின்றன. அவற்றைத் தின்ற உயிர்களை வேறு உயிர்கள் தின்று, கடைசியில் பருந்தின் வயிற்றுக்கு வந்து சேர்கின்றன. காலில் இருக்கும் மஞ்சளும் இப்படி வந்ததே. உங்கள் மஞ்சள் பென்சிலை இந்த இரண்டு இடத்திலும் இளசாக ஓட்டி, நிழல் விழும் பக்கம் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு சேருங்கள்.

இப்போது வெள்ளைத் தலை. இந்த இடத்தில் எல்லோரும் வெள்ளைப் பென்சிலைத் தேடுவார்கள். அதைப் பெட்டியிலேயே வையுங்கள்.

வெள்ளை இறகில் வெள்ளை நிறமி என்று எதுவும் கிடையாது. எந்த நிறமியும் இல்லை. இறகைக் கட்டியிருக்கும் கெரட்டின் கிட்டத்தட்ட நிறமற்ற பொருள். அந்த இழைகளுக்குள்ளும் இழைகளுக்கு நடுவிலும் மிக நுண்ணிய காற்று இடைவெளிகள் இருக்கின்றன. ஒளி உள்ளே நுழைந்ததும் கெரட்டினிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து கெரட்டினுக்கு என்று திரும்பத் திரும்ப முட்டி, நாலாபக்கமும் சிதறுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று எந்த நிறமும் உறிஞ்சப்படாமல் எல்லாமே திரும்பி வருகின்றன. எல்லாம் சேர்ந்து வந்தால் நம் கண்ணுக்கு அது வெள்ளை.

சரி, உங்கள் டிராயிங் நோட்டுத் தாள் ஏன் வெள்ளை? தாள் என்பது செடிகொடி மரங்களிலிருந்து எடுத்த செல்லுலோஸ் நார்களின் பின்னல். அந்த நாரும் தன்னளவில் வெள்ளை அல்ல, நிறமற்றது. நார்களுக்கு இடையே காற்று. அங்கேயும் அதே முட்டல், அதே சிதறல். நம்ப முடியவில்லை என்றால் டீக்கடையில் பஜ்ஜி மடித்துத் தரும் தாளைப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடிபோல ஆகி, பின்னால் வைத்த விரல் தெரியும். காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்துவிட்டது, எண்ணெயும் நாரும் ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைப்பதால் சிதறல் குறைந்துவிட்டது, வெள்ளையும் போய்விட்டது. நிறமி ஏதாவது இருந்து தாள் வெள்ளையாக இருந்திருந்தால், எண்ணெய் பட்டாலும் அது வெள்ளையாகவே நின்றிருக்கும்.

ஆகவே பருந்தின் தலையை வரையும்போது தாளைத் தொடாமல் விட்டுவிட்டால், பருந்து எந்த வழியில் வெள்ளையாக இருக்கிறதோ அதே வழியில் உங்கள் படமும் வெள்ளையாக இருக்கிறது. கலர் பென்சில் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பறவையை வரைகிறோம் என்பதோடு நிற்காமல், பறவை செய்யும் வேலையையே தாளைக் கொண்டு செய்கிறோம்.

ஆனால் வெறுமனே விட்டால் தலை உருண்டையாகத் தெரியாது. நிழல் வேண்டும். தாடைக்குக் கீழும் கழுத்தின் பின்னாலும் இளநீலத்தை ஆவிபோல ஓட்டுங்கள். அதன்மேல் துளி பழுப்பு. வெயில் படும் உச்சந்தலைக்கு ஒன்றும் வேண்டாம். பிறகு பென்சிலை ஊசிபோலச் சீவிக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் செம்பருந்தின் வெள்ளை இறகு ஒவ்வொன்றின் நடுத்தண்டும் கறுத்து, மெல்லிய கோடாகத் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கும்போது பால்வெள்ளையாக இருக்கும் மார்பு, பைனாகுலரில் பார்த்தால் நிறைய மெல்லிய கருங்கோடுகளோடு இருக்கும். இந்தக் கோடுகளை இறகு வளரும் திசையில் இழுக்க வேண்டும். நெற்றியில் பின்னோக்கி, கன்னத்தில் கீழ்நோக்கிப் பின்னால், மார்பில் நேராகக் கீழே. திசை தவறினால் பருந்துக்கு முள் முளைத்ததுபோல் ஆகிவிடும்.

உடலின் செம்பழுப்புக்குப் போகுமுன் உங்கள் கையில் இருக்கும் பென்சிலையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். சாதாரணப் பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். பிரான்ஸ் நாட்டின் நிக்கோலா-ஜாக் கோன்தே 1795இல் காப்புரிமை பெற்ற முறையில், அந்தக் கலவையைச் சூளையில் சுட்டுக் கெட்டியாக்குகிறார்கள். கலர் பென்சிலைச் சுட முடியாது. அதில் இருப்பது நிறமித்தூள், அதைப் பிடித்துவைக்கும் மெழுகு அல்லது எண்ணெய், கூடவே வெண்களிமண் போன்ற மாவு. சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும், நிறமும் கெட்டுவிடும். எனவே பிசைந்து, துளை வழியாகக் கம்பியாகப் பிழிந்து, காயவைத்து மரத்துக்குள் வைக்கிறார்கள். ஓவியர்களுக்கான தரமான கலர் பென்சில்கள் வந்தே நூறு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டல் நிறுவனம் தன் புகழ்பெற்ற பாலிகுரோமோஸ் வரிசையை 1908இல் கொண்டுவந்தது.

மெழுகு இருப்பதால்தான் கலர் பென்சில் கோட்டை ரப்பரால் சுத்தமாக அழிக்க முடிவதில்லை, தேய்த்தால் ஈஷிக்கொள்கிறது. ஆகவே இளசான நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போக வேண்டும், திரும்பி வர வழி இல்லை. லென்ஸ் வைத்துத் தாளைப் பாருங்கள். வழுவழுப்பாகத் தெரிந்த தாளில் மேடும் பள்ளமும் இருக்கும். பென்சிலை லேசாக ஓட்டினால் நிறம் மேடுகளில் மட்டும் ஒட்டும்; பள்ளங்கள் வெள்ளையாக இருக்கும். அடுத்த நிறம், அதற்கடுத்த நிறம் எல்லாம் உட்கார அந்தப் பள்ளங்கள்தான் இடம். எடுத்த எடுப்பில் அழுத்தித் தீட்டினால் மெழுகு பள்ளங்களை அடைத்துவிடும், பிறகு எந்த நிறமும் பிடிக்காமல் வழுக்கும்.

செம்பழுப்புக்கு முதலில் மஞ்சள், உடல் முழுக்க மெல்லிசாக. அதன்மேல் ஆரஞ்சு. பிறகு பழுப்பு, நிழல் பக்கங்களில் கொஞ்சம் சிவப்பு. இப்படி அடுக்கும்போது என்ன நடக்கிறது? ஒளி எல்லா அடுக்குகளுக்குள்ளும் புகுந்து, அடியில் உள்ள வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடி எல்லா அடுக்குகள் வழியாகவும் வெளியே வருகிறது. மஞ்சள் நிறமி நீல ஒளியை விழுங்கிக்கொள்கிறது. சிவப்பு நிறமி பச்சை ஒளியையும் சேர்த்து விழுங்குகிறது. மிச்சம் தப்பி வருவதைத்தான் செம்பழுப்பு என்கிறோம். ஒரே பழுப்புப் பென்சிலால் நிரப்பிய பருந்தும் நான்கு நிறம் அடுக்கிய பருந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், முதலாவது மரப்பொம்மைபோலக் கிடக்கும். நிழல் இன்னும் ஆழமாக வேண்டுமா? பச்சையை எடுங்கள். பச்சையா என்று தயங்க வேண்டாம். பச்சை நிறமி சிவப்பு ஒளியை விழுங்கும். செம்பழுப்பின்மேல் துளி பச்சை பட்டால் அது பச்சையாகத் தெரியாது, மங்கி அடங்கிப் போகும். இறக்கைக்கு அடியில் உள்ள நிழலுக்கு அதைவிட நல்லது இல்லை.

பருந்தின் செம்பழுப்பு எங்கிருந்து வருகிறது? மெலனின் என்ற நிறமியிலிருந்து. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவதும் இதே மெலனின்தான். இதில் இரண்டு வகை உண்டு. யூமெலனின் கறுப்பையும் கரும்பழுப்பையும் தரும். ஃபியோமெலனின் செம்பழுப்பு வகை நிறங்களைத் தரும். இறகு தோலுக்குள் முளைத்து வரும்போதே இந்த நிறமித் துகள்கள் கெரட்டினுக்குள் அடைக்கப்பட்டுவிடும். வளர்ந்து முடிந்த இறகு நம் முடியைப்போல உயிரற்றது. அதன்பின் நிறமி சேர வழி இல்லை. நிறம் மாற வேண்டும் என்றால் அந்த இறகு உதிர்ந்து புதியது முளைக்க வேண்டும்.

இறக்கை நுனியில் மட்டும் கறுப்பு ஏன்? பறக்கும்போது அதிகமாகக் காற்றில் அடிபடுவதும் எளிதில் தேய்வதும் நுனிதான். மெலனின் நிறைந்த இறகு, நிறமி இல்லாத இறகைவிடத் தேய்மானத்தைத் தாங்கும். வேடந்தாங்கலுக்குப் போனால் நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். வெளிறிய உடல், ஆனால் பறக்கப் பயன்படும் பெரிய இறகுகள் கறுப்பு. கடற்காகங்கள் பலவற்றுக்கும் இறக்கை நுனி கறுப்புதான். எங்கெங்கோ வாழும் பறவைகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

இறகை எப்படி வரைவது என்று தெரிந்துகொள்ள ஒரு கோழி இறகு வேண்டும். இறக்கையிலிருந்து எடுத்த பெரிய இறகாகக் கேளுங்கள், கோழிக்கடையில் கிடைக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்திக்கொள்ளுங்கள், கையையும் கழுவிவிடுங்கள். பருந்தின் இறகைத் தேடிப் போக வேண்டாம், காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை அது. கோழி இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்டு நடுவில் இருக்காது. ஒரு பக்கத் தகடு குறுகல், மறுபக்கம் அகலம். குறுகிய பக்கம் காற்றை எதிர்கொள்ளும் முன்பக்கம். விரலால் இழைகளைப் பிரித்துவிட்டு, மறுபடி அடியிலிருந்து நுனிக்கு நீவுங்கள். பிரிந்தது ஒட்டிக்கொள்ளும். இழைகளின் கிளைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு, அவை ஒன்றையொன்று மறுபடி மாட்டிக்கொள்கின்றன. பறவை உட்கார்ந்து அலகால் இறகைக் கோதுவதும் இந்த வேலைக்காகத்தான். உங்கள் படத்தில் ஓரிரு இறகுகளில் சின்னப் பிளவு ஒன்றை வரைந்து பாருங்கள். உடனே அது நிஜ இறகாகிவிடும்.

இறக்கையின் நுனிப் பகுதியில் இருக்கும் முதன்மை இறகுகள் பத்து. வாலில் பன்னிரண்டு. உட்கார்ந்திருக்கும் பறவையில் அத்தனையும் தெரியாது, ஒன்றன்கீழ் ஒன்று மடிந்திருக்கும். தெரியும் விளிம்புகளை மட்டும் வரைந்தால் போதும். ஒவ்வொரு இறகும் தனக்கு அடியில் உள்ளதன்மேல் ஒரு சிறு நிழலை வீழ்த்தும். இறகின் நிறத்தைவிட அந்த நிழல்தான் இறக்கைக்குப் பருமன் தருகிறது. பறக்கும் பருந்தை வரைகிறீர்கள் என்றால் நுனி இறகுகளைத் தனித்தனியாகப் பிரித்து விரியுங்கள். இறக்கை நுனியில் காற்று கீழிருந்து மேலாகச் சுருண்டு சுழல்வதால் பறவையின் வேகம் இழுபடும். நுனி பிளந்திருந்தால் அந்தப் பெரிய சுழல் சின்னச் சின்னச் சுழல்களாக உடைந்து இழுவை குறைகிறது. பருந்து இறக்கையை அடிக்காமல் வெகுநேரம் வட்டமிட இதுவும் உதவுகிறது.

இறகின் அழகில் மயங்கி ஓர் அரசர் எழுதிவைத்ததையும் சொல்கிறேன். 1619இல் பாரசீகத்தின் ஷா அப்பாஸ், முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு ஒரு ராஜாளியை அனுப்பினார். வரும் வழியில் அதை ஒரு பூனை கடித்துக் குதறிவிட்டது. அரண்மனைக்கு வந்து சில நாள்கள்தான் உயிரோடு இருந்தது. அதன் இறக்கையிலும் முதுகிலும் பக்கங்களிலும் ஒவ்வோர் இறகிலும் இருந்த கருங்குறிகளின் அழகைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதிய ஜஹாங்கீர், அந்த உருவம் அழியாதிருக்க வரைந்துவைக்கும்படி உஸ்தாத் மன்சூரைப் பணித்தார். மன்சூருக்கு அவர் கொடுத்திருந்த பட்டம், காலத்தின் அதிசயம். ராஜாளியை நீங்கள் வரைவதானால் அலகில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். மேல் அலகின் விளிம்பில், நுனிக்குச் சற்று உள்ளே, பல்போன்ற ஒரு கூர் இருக்கும். இரையின் கழுத்தெலும்பைத் துண்டிக்க அது. செம்பருந்துக்கு அது கிடையாது.

நம் சென்னையிலும் அப்படி ஓர் ஓவியர் இருந்தார். 1801 முதல் 1807 வரை இங்கே வாழ்ந்த எலிசபெத் குவில்லிம். அவருடைய கணவர் மதராஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி. எலிசபெத் இந்த ஊர்ப் பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார், பலவற்றை உயிருள்ள பறவையின் அதே பருமனில். அமெரிக்காவின் ஆடுபன் தம் புகழ்பெற்ற பெரிய பறவைப் படங்களை வெளியிடத் தொடங்கிய 1827க்கு இருபது வருடம் முந்தியவை இவை. இறகுகளையும் கால் செதில்களையும் அவ்வளவு கவனமாக வரைந்திருக்கிறார். அவர் 1807இல் இங்கேயே இறந்துபோனார். படங்கள் எங்கோ கிடந்து, 1924இல் லண்டனில் கேசி வுட் என்பவர் கண்ணில் பட்டன. இப்போது நூற்றுக்கு மேற்பட்ட அந்தப் பறவைப் படங்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. சென்னைப் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கால்களுக்கு வருவோம். செம்பருந்தின் கால் இறகில்லாமல் மஞ்சளாக, செதில்களோடு இருக்கும். முன்னால் மூன்று விரல்கள், பின்னால் ஒன்று. ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த கரிய நகம். இரைகொல்லிப் பறவைகளுக்கு முதல் ஆயுதம் கால்தான். அலகு பெரும்பாலும் கிழித்துத் தின்பதற்கு. விரல்களை மடக்கும் தசைநாரில் சின்னச் சின்ன மேடுகள் உண்டு. நாரைச் சுற்றியுள்ள உறையின் வரிகளில் அவை சிக்கிப் பூட்டிக்கொள்ளும். அதனால் ஓயாமல் தசையை இறுக்கிக்கொண்டே இருக்காமல் மீனைப் பிடித்தபடி வெகுதூரம் பறக்க முடியும். விரலின் அடிப்பக்கத்தைத் தட்டையாக வரையாதீர்கள். அங்கே பிடிமானத்துக்காகப் புடைத்த மெத்தைகள் இருக்கின்றன. விராலடிப்பானுக்கு அந்த இடத்தில் முள்போன்ற செதில்களே உண்டு, வழுக்கும் மீன் நழுவாமல் இருக்க.

படம் முடிந்து சில நாள் கழித்து, அடர்த்தியாகத் தீட்டிய கறுப்பின்மேல் வெண்மையாக மூட்டம் படிந்ததுபோல் தெரியலாம். பூஞ்சை என்று பயப்படாதீர்கள். பென்சிலின் மெழுகு மேலே வந்து படிந்திருக்கிறது, அவ்வளவே. மெத்தென்ற பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும்.

இப்போது, கடைசியில் வரும் என்று சொன்ன பள்ளத்துக்கு வருகிறேன். செம்பருந்தின் குஞ்சு பறக்கத் தொடங்கும்போது வெள்ளைத் தலையும் கிடையாது, செம்பழுப்பு உடலும் கிடையாது. உடல் முழுக்கப் பழுப்பு, அதில் வெளிறிய கீற்றுகள். பெரிய பறவையின் நிறம் முழுதாக வந்து சேர இரண்டு மூன்று வருடம் ஆகும். முன்பு சொன்னேனே, இறகு உதிர்ந்து முளைத்தால்தான் நிறம் மாறும் என்று. அதற்குத்தான் இத்தனை காலம். இந்த இளம் பறவையை வரைய, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ஒன்றை எடுங்கள். நிறம் தீட்டுவதற்கு முன், கீற்றுகள் வர வேண்டிய இடத்தில் எல்லாம் அந்தப் பேனாவால் அழுத்திக் கோடு இழுங்கள். தாளில் ஒன்றும் தெரியாது. இப்போது மஞ்சளையும் பழுப்பையும் பென்சிலைப் படுக்கவைத்து மேலே ஓட்டுங்கள். பள்ளங்களில் நிறம் இறங்காமல், கீற்றுகள் ஒவ்வொன்றாகத் தாமே எழுந்து வரும். நல்ல வெண்மையாக அல்லாமல் வெளிறிய மஞ்சளாக வேண்டும் என்றால், முதலில் இளமஞ்சளை ஓட்டிவிட்டு அதன்மேல் பேனாவால் அழுத்துங்கள்.

இந்த இளம் செம்பருந்தைப் பெரியவர்களே பலமுறை ஊர்ப்பருந்து என்று நினைத்துவிடுவார்கள். குப்பைமேட்டுக்கும் இறைச்சிக்கடைக்கும் மேலே கூட்டமாகச் சுற்றுமே, அந்தப் பழுப்புப் பருந்துதான் ஊர்ப்பருந்து. நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழம்பும். வாலைப் பாருங்கள். ஊர்ப்பருந்தின் வால் நுனி உள்ளே வெட்டுப்பட்டுப் பிளந்திருக்கும். முழுதாக விசிறினால் மட்டும் வெட்டு மறைந்து நேராகத் தெரியும். செம்பருந்தின் வால், குஞ்சானாலும் பெரியதானாலும், நுனி வட்டமாகவே இருக்கும். உங்கள் இரண்டு படங்களையும், வெள்ளைத்தலைப் பறவையையும் பழுப்புக் குஞ்சையும், சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். வரைந்த தேதியையும் பறவையைப் பார்த்த இடத்தையும் மூலையில் எழுதுங்கள். வீட்டுக்கு வரும் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார், இது வேறு, அது வேறு பறவை என்று. அவருக்கு வாலைக் காட்டுங்கள்.